பால் கறைக்கு அடியில்

"அந்தக் கப்பைத் தொடாதே!"

காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் முதலில் எழும் குரல் இதுதான். சில வீடுகளில் சேவல் கூவும். சில வீடுகளில் கடிகாரம் அலறும். இந்த வீட்டில் மாமியார், பீங்கானைத் தொடாதே என்று மருமகளை அதட்டிப் பொழுதை விடிய வைப்பாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூடப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தொடல அத்தை... பக்கத்துல இருக்கிற சர்க்கரை டப்பாவைத்தான்..."

"பக்கத்துல போனா போதாதா? உன் கை படவே வேணாம், நீ விடற மூச்சு பட்டாலே உடையும்! உனக்குத்தான் எவர்சில்வர் தம்ளர் தனியா வச்சிருக்கேனே, அதுல குடிச்சா தொண்டையில இறங்காதா?"

மருமகள் எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு: உடைச்சவ. கல்யாணப் பத்திரிகையில் வேறு ஏதோ அச்சடித்திருந்தார்கள். அது மூன்று நாள்தான் செல்லுபடியானது. மூன்றாம் நாள் மதியம், சொந்தக்காரர்கள் நாற்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, புது மருமகள் மாமியாரின் பெரிய பீங்கான் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றி எடுத்து வந்தாள். வெள்ளைக் கிண்ணம், விளிம்பைச் சுற்றி நீலக் கொடி. மாமியாரின் செத்துப்போன அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கூடத்தின் நடுவில் அது அவள் கைக்குள்ளேயே நான்காகப் பிரிந்தது. பால் முழுவதும் அவள் பாதத்தில். நாற்பது பேரும் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார்கள், கிண்ணத்தை.

"நான் கீழ போடலைங்க... கையிலயே பிரிஞ்சிடுச்சு..."

"கிண்ணம் என்ன தாமரைப் பூவா, தானா விரிய?" என்று மாமியார் கேட்டாள். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "போகட்டும், விடுங்க. தெரியாம செஞ்சுட்டா. நான் அவளை மன்னிச்சுட்டேன்!" என்றார். யாரோ ஒரு பெரியப்பா கை தட்டினார். அதைக் கேட்டு மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் காதில் ஏறியது, அப்புறம் இறங்கவேயில்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக மேடைப் பேச்சாளர் ஆனார். தலைப்பு எதுவாக இருந்தாலும், சாலைப் பாதுகாப்பாகவே இருந்தாலும், பத்தாவது நிமிஷத்தில் கிண்ணம் வந்துவிடும். "என் மனைவி எங்கள் குடும்பச் செல்வத்தை உடைத்தாள்... நான் என்ன செய்தேன் தெரியுமா?" என்று நிறுத்துவார். சபை மூச்சைப் பிடிக்கும். "மன்னித்தேன்!" ஏதோ ஒரு மன்றம் அவருக்கு 'மன்னிப்பு வள்ளல்' என்று பட்டமும் கொடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மதில் மேல் காய்கிற துணி காற்றில் பறந்து வந்து விழுந்தால்கூட அவர் வாயிலிருந்து முதலில் வருவது மன்னிப்புத்தான்.

அன்று காலை அந்த வள்ளல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். விஷயம் இதுதான். அவருடைய 'மன்னிப்பின் மகரந்தம்' என்ற புத்தகம் மூன்று மாதத்தில் வெளிவர இருந்தது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியபோது, உடைந்த பாத்திரத்தை மரப்பாலால் ஒட்டி, ஒட்டின கோட்டில் தங்கத்தூள் தூவும் ஜப்பானிய வேலையைப் பற்றிப் படித்தார். கின்சுகி! வெளியீட்டு விழாவில் தங்கக் கோடு மின்ன அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினால்! மறுநாளே ஒரு பட்டறையில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். முதல் வகுப்பில் மரப்பால் பசையைக் கையால் தொட்டு, அதே கையால் மோவாயைத் தாங்கிச் சிந்தனையாளர் மாதிரி புகைப்படத்துக்கு நின்றார். மறுநாள் காலை முகம் பலூனாக வீங்கி, கண் இரண்டும் உண்டியல் துளை ஆயிற்று. அந்த மரப்பால் பச்சையாகத் தோலில் பட்டால் சும்மா விடாது.

"அடுத்த சனிக்கிழமையிலேருந்து நீ போ," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "கருத்து என்னது. கை மட்டும் உன்னது."

"இவளா?" மாமியார் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "அந்தக் கிச்சுகிச்சு கிளாஸுக்கு இவளா? உடைச்சவ கையிலயே திரும்பவும் கொடுக்கணுமா? நாலா இருக்கு, நாப்பதா ஆக்கிக் கொண்டு வருவா!"

"கின்சுகிம்மா! உடைச்சவளே ஒட்டணும். அதுலதாம்மா தத்துவமே இருக்கு. எட்டாவது அத்தியாயத்துல எழுதியாச்சு, இனி மாத்த முடியாது."

மருமகள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குத் தத்துவம் எதுவும் வேண்டாம். அந்தக் கிண்ணம் முழுசாக மாமியார் கைக்குத் திரும்பிவிட்டால், அந்தப் பெயர் போய்விடாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்டில் யாராவது அவளை வேறு எப்படியாவது கூப்பிட மாட்டார்களா?

"நான் போறேங்க," என்றாள்.

மாமியார் அலமாரியைத் திறந்து ஒரு பழைய டவல் மூட்டையைக் கொண்டு வந்தாள். நான்கு துண்டுகளையும் போலீஸ்காரர் சாட்சிப் பொருளைக் காப்பது போல் காத்து வைத்திருந்தாள். சொந்தக்காரர் யார் வந்தாலும் மூட்டை வெளியே வரும், பிரிக்கப்படும், எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள், மறுபடி உள்ளே போகும். பதினாறு வருஷமாகக் கழுவியதேயில்லை. கழுவினால் குற்றம் மங்கிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ!

*

பட்டறைக்காரம்மா நாற்பது வருஷம் பல் செட் செய்து பிழைத்தவர். மகனோடு ஜப்பானுக்குப் போய் மூன்று வருஷம் இருந்தபோது பொழுது போகாமல் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம். தத்துவம் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

"போன வாரம் ஒருத்தர் வந்தார்," என்றார் முதல் நாளே. "உடைஞ்ச இடத்துலதான் ஒளி நுழையுதுன்னார். கிண்ணத்துல ஒளி நுழைஞ்சா குழம்பும் ஒழுகுமேன்னேன். அதுக்கு அப்புறம் ஆளைக் காணோம். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் வீட்டுக்காரர்."

"அப்படியா... கையுறை போடுங்க."

முதல் சனிக்கிழமை மாவு பிசையவே போயிற்று. கோதுமை மாவில் சொட்டுத் தண்ணீர், அதோடு பழுப்பு நிற மரப்பால். கண்ணாடிப் பலகை மேல் தட்டைக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, தூக்கினால் நூல் போல் இழுபடும் வரை பிசைய வேண்டும். கையுறைக்கு மேலே மணிக்கட்டில் ஒரு துளி பட்டு அவளுக்கும் தடித்தது. ஆனால் பதினாறு வருஷமாகப் பீங்கானைத் தொடாத விரல், பட்டறையின் ஓட்டைத் தட்டு ஒன்றைப் பிடித்தபோது நடுங்கியது பார்... அதைத்தான் பட்டறைக்காரம்மா கவனித்தார்.

இரண்டாவது சனிக்கிழமை டவல் மூட்டையைப் பிரித்தாள். பட்டறைக்காரம்மா ஒரு துண்டை எடுத்து, பல் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் பிடித்தார். திருப்பினார். இன்னொரு துண்டை எடுத்தார். முகம் மாறியது.

"இதை ஏற்கெனவே ஒரு தடவை ஒட்டினது யாரு? நீங்களா?"

"இல்லையே... உடைஞ்சதுலேருந்து மூட்டையிலேயேதான் இருக்கு."

"இங்க வாங்க, பாருங்க. பீங்கான் உடைஞ்ச வாய் வெள்ளையா, சர்க்கரை மாதிரி பொருபொருன்னு இருக்கணும். இது பூரா மஞ்சளா வழவழன்னு இருக்கு பாருங்க. ட்யூப்ல வருமே, மட்ட ரகப் பசை, அது. நாலு துண்டுலயும் இருக்கு. புதுசா உடைஞ்ச வாய் ஒண்ணுகூட இல்ல." நகத்தால் சுரண்டினார். "இந்தப் பசை மேல படிஞ்சிருக்கிற கறை என்ன?"

"பால்..." என்றாள். "கொதிக்கிற பால் ஊத்தினேன். கையிலயே பிரிஞ்சிடுச்சு..."

"பிரியாம? சூடு பட்டா இந்தப் பசை இளகிடும். பசை அடியில, பால் மேல. அப்போ பசைதான் முதல்ல, நீங்க அப்புறம்." பட்டறைக்காரம்மா துண்டைக் கீழே வைத்தார். "இது உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்ச கிண்ணம்ங்க. நீங்க வெறுமனே தூக்கினீங்க, அவ்வளவுதான்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அது என்னவோ ஆகிவிட்டது. பட்டறைக்காரம்மா ஒரு பல் செட்டைத் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். வேறு துணி அங்கே சுத்தமாக இல்லை.

*

அன்று சாயங்காலம், மாமியார் மேசையருகே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சாளர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அத்தை, அந்தக் கிண்ணம் என் கையில உடையல. அதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கு. யாரோ பசை போட்டு ஒட்டி வச்சிருக்காங்க."

மாமியார் தலையைத் தூக்கினாள். "ஆரம்பிச்சுட்டாளா! ரெண்டு நாள் கிளாஸுக்குப் போனதும் வாய் வளர்ந்துடுச்சு பாரு! என் கிண்ணத்தை உன்னை விட்டா யாருடி உடைப்பா? நான் உடைச்சேங்கறியா?"

"நீங்கன்னு சொல்லல அத்தை. ஆனா பசை இருக்கு. மஞ்சளா, நாலு துண்டுலயும்..."

"சும்மா உளறாத!" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மஞ்சளாவாவது, கிஞ்சளாவாவது! காஞ்சா கண்ணுக்கே தெரியாது, பூதக்கண்ணாடி வச்சாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அந்தக் கடைக்காரன் சத்தியம் பண்ணினான்!"

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது.

பேச்சையே தொழிலாக வைத்துக்கொண்டால் இதுதான் கஷ்டம். வாய் முந்திக்கொள்ளும், ஆள் பின்னால் ஓடி வர வேண்டும். செய்தித்தாள் மெல்ல மெல்ல உயர்ந்து அவர் நெற்றியையும் மறைத்தது.

"எந்தக் கடைக்காரன்டா?" என்றாள் மாமியார்.

"அது... பொதுவா சொன்னேன்மா. கடைக்காரங்க பொதுவா..."

"பேப்பரைக் கீழ இறக்குடா!"

பேப்பர் இறங்கியது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வரவேற்புரை ஒத்திகை பார்த்தாராம். கிண்ணம் மேசை மேல் இருந்ததாம். "'வருக வருக'ன்னு கையை விரிச்சேன்மா... முதல் வருகவுல ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுலதான் பட்டுடுச்சு. நீ திட்டுவியேன்னு பயந்து..."

"பதினாறு வருஷமாவா பயந்தே?"

"சொல்ல ஒரு தகுந்த சந்தர்ப்பம் அமையலம்மா."

மருமகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "சந்தர்ப்பமா? அன்னிக்கு என் கால் ரெண்டும் வெந்து கிடந்ததே, அது சந்தர்ப்பம் இல்லையா? நாப்பது பேர் சிரிச்சப்ப நான் உங்க முகத்தைத்தானே பாத்தேன்... நீங்க காப்பாத்துவீங்கன்னு! நீங்க என்ன பண்ணினீங்க? எழுந்து நின்னு... என்னை மன்னிச்சீங்க! நீங்க! என்னை!"

"கொஞ்சம் மெதுவா பேசு. உணர்ச்சிவசப்படாத. இப்போ போய் இதைச் சொன்னா என் பேர் என்ன ஆகும், யோசிச்சியா?"

"என் பேர் என்ன ஆச்சுன்னு நீங்க யோசிச்சீங்களா? எனக்குப் பேரே இல்லைங்க இந்த வீட்டுல! 'உடைச்சவ'ன்னு கூப்பிட்டா 'என்ன அத்தை'ன்னு திரும்பிப் பாக்கறேன். பழகிப் போச்சு!" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அன்னிக்கு அந்தக் கூடத்துல இருந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும். உடைச்சது அவ இல்லைன்னு. அவ்வளவுதான்."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். ஆனா தகுந்த மேடையில சொல்றேன்."

மாமியார் எழுந்தாள். மடியிலிருந்த பட்டாணி தரையெங்கும் உருண்டது. யாரையும் திட்டாமல், எதையும் பொறுக்காமல், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாறு வருஷம் அவள் கொட்டிய கோபம் அத்தனையும் நிஜக் கோபம். அக்காவுக்காக அழுத அழுகை அத்தனையும் நிஜ அழுகை. விலாசம் மட்டும் தப்பு.

*

மருமகள் வேலையை விடவில்லை. "அவருக்காக எதுக்குச் செய்யறீங்க?" என்று பட்டறைக்காரம்மா கேட்டபோது, "கிண்ணம் என்ன பண்ணுச்சு, பாவம்" என்றாள்.

பழைய பசையை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்தாள். அதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. அப்புறம் மாவுப் பசை தடவி நான்கையும் சேர்த்து, நாடா ஒட்டி, ஈரப்பெட்டியில் வைத்தாள். ஈரப்பெட்டி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு மூடி போட்ட மரப்பெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த துணி. அதை வீட்டில் சமையலறை மூலையில் வைத்துக்கொள்ளப் பட்டறைக்காரம்மா சம்மதித்தார்.

அந்த நாட்களில் மாமியார் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தாள். பழைய பெயர் வாய்வரை வரும், விழுங்கிவிடுவாள். புதுப் பெயர் எதுவும் கைவசம் இல்லை. "இந்தா..." என்பாள். "அது வந்து..." என்பாள். ஒரு நாள் வாளியைப் பார்த்து, "தண்ணி வருது" என்றாள். அது மருமகளுக்குச் சொன்னது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கொடுக்கும் வழக்கம்தான் இருந்தது, அதுவும் மேடையில்.

ஒரு காலை மாமியார் பெட்டியருகே வந்து நின்றாள்.

"பத்து நாள் ஆச்சே, இன்னும் காயலையா? தூக்கி வெயில்ல வையேன்."

"இது வெயில்ல காயாது அத்தை. ஈரம் இருந்தாத்தான் இறுகும். துணி காஞ்சு போனா அப்படியே பிசுபிசுன்னு நின்னுடும்."

"ஈரத்துல காயற வஸ்துவா? நல்லா இருக்கு ஜப்பான்காரன் நியாயம்!" என்று முணுமுணுத்தபடி மாமியார் போய்விட்டாள்.

மறுநாள் காலை மருமகள் துணியை நனைக்கப் பெட்டியைத் திறந்தபோது, துணி ஏற்கெனவே நனைந்திருந்தது. நன்றாகப் பிழிந்து, நான்கு மூலையும் இழுத்து, சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தின் மேல் படாதபடி விரித்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மாமியாரின் மணிக்கட்டு தடித்துச் சிவந்திருந்தது. மருமகள் களிம்பு ட்யூபை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

பொத்தல்களைக் களிமண் தூளும் மரப்பாலும் கலந்து அடைத்தாள். தேய்த்தாள். நூல் மாதிரி தூரிகையால் சிவப்புக் கோடு இழுத்தாள். அது பாதி காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் ஆனால் லேசாகப் பிடித்து இழுக்கும் நேரம் பார்த்துத் தங்கத்தூள் தூவ வேண்டும். முந்தினால் தங்கம் மூழ்கிவிடும். பிந்தினால் உதிர்ந்துவிடும். "மூச்சை அடக்குங்க," என்றார் பட்டறைக்காரம்மா. "இப்போ தும்மினீங்கன்னா வீட்டுக்காரர் மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்."

அவள் தும்மவில்லை.

*

வெளியீட்டு விழாவில் நானூறு பேர். முதல் வரிசையில் மாமியாரும் மருமகளும். மேடையில் வெல்வெட் துணி மூடிய மேசை. பேச்சாளர் எழுந்து வந்தார். சபையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்; கண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம்.

"நண்பர்களே! பதினாறு ஆண்டுகளாக நான் உங்களிடம் ஒரு கதை சொன்னேன். இன்று அதன் உண்மையைச் சொல்லப் போகிறேன். அந்தக் கிண்ணத்தை உடைத்தது என் மனைவி அல்ல..." நிறுத்தினார். நானூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். "உடைத்தவன் நான்!"

மருமகள் இருக்கையில் நிமிர்ந்தாள். சொல்லிவிட்டாரே! நிஜமாகவே சொல்லிவிட்டாரே!

"ஆம், நான்தான்! அந்தக் குற்றத்தைப் பதினாறு ஆண்டுகள் என் நெஞ்சில் தனியாகச் சுமந்தேன். எத்தனை வலி! எத்தனை ரணம்! ஒவ்வொரு மேடையிலும் என் உள்ளம் அழுதது, உதடு பேசியது. கடைசியில் இந்தக் கைகளால்," இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், ஒரு தடிப்புகூட இல்லாத வழுவழுப்பான கைகள், "இந்தக் கைகளால், பதினோரு வாரம், துண்டு துண்டாக அதை இணைத்தேன். அந்தப் பயணத்தின் முடிவில்தான் தெரிந்தது, மன்னிப்பிலேயே கடினமான மன்னிப்பு எது என்று. நண்பர்களே... என்னை நானே மன்னித்துவிட்டேன்!"

அரங்கம் எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவில்லை. பின்வரிசையில் ஒருவர் விக்கி விக்கி அழுதார். மருமகளின் பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கைச் சிந்தியபடி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இப்படி ஒரு உண்மையான மனுஷன் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்மா!"

"ஆமாங்க," என்றாள் அவள். "குடுத்தது நான். வச்சுக்கிட்டது அவர்."

பெண்மணிக்குப் புரியவில்லை; மேலும் அழுதாள்.

மேடையில் வெல்வெட் விலகியது. வெள்ளைக் கிண்ணத்தில் தங்கக் கோடு கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது. அரங்கம் "ஆ!" என்றது. "இதை," பேச்சாளர் தழுதழுத்தார், "இந்த மன்றத்துக்கே அர்ப்பணிக்கிறேன்! கண்ணாடிப் பேழையில் வையுங்கள்! வரும் தலைமுறை பார்க்கட்டும்!"

"டேய்!"

மாமியார் எழுந்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேடைப் படியில் ஒவ்வொன்றாக ஏறினாள். நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறது போலும் என்று நினைத்துச் சபை மறுபடி கை தட்டியது. வள்ளலும் அப்படியே நினைத்து, "என் அன்னை!" என்று கையை விரித்தார். மாமியார் அந்தக் கைக்குள் போகவில்லை. நேரே மேசைக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க அக்கா எனக்கு வாங்கித் தந்தது. நீ யாருடா தானம் பண்ண? ஒட்டினது என் மருமக! அவ கையைப் பாருங்கய்யா... அவ கையைப் பாருங்க!"

மன்றச் செயலாளர் முன்யோசனைக்காரர். முதல் சொல்லிலேயே ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டார். முதல் வரிசையில் மூன்று பேருக்குக் கேட்டது. அவர்களும், வயசான அம்மா உணர்ச்சிவசப்படுகிறாள் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். புத்தகம் அன்று ஒரு பிரதி மிச்சமில்லாமல் போயிற்று.

*

மறுநாள் காலை பேச்சாளர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஐந்து ஊரிலிருந்து அழைப்பு.

"நான் கேட்டது இது இல்லைங்க," என்றாள் மருமகள்.

"இன்னும் என்ன? நானூறு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டேனே! எந்தப் புருஷன் செய்வான்?"

"அந்த நானூறு பேருக்கு நான் யாருன்னே தெரியாது. என்னைப் பாத்துச் சிரிச்சவங்க உங்க சொந்தக்காரங்க நாப்பது பேர். அவங்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க. தனித்தனியா. மைக் இல்லாம."

"ஃபோன்லயா? இதெல்லாம் ஃபோன்ல சொல்ற விஷயமா? அதுல என்ன இருக்கு..." கைதட்டல் இருக்காது என்று அவர் சொல்லவில்லை; அதுதான் சொல்ல வந்தது.

"நகரு," என்றது ஒரு குரல்.

மாமியார் பழைய டெலிபோன் நோட்டோடு வந்து ஃபோனருகே உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டினாள். எண்களைச் சத்தமாகப் படித்து அழுத்தினாள். முதலில் சொந்த மகள்.

"நான்தான் அம்மா பேசறேன். கேட்டுக்கோ. அந்தக் கிண்ணத்தை உடைச்சது உன் அண்ணன். என் மருமக இல்ல. நான் இத்தனை வருஷம் உங்கிட்ட சொன்னது அத்தனையும் தப்பு."

ஃபோனுக்குள்ளிருந்து மகள் கேட்டாள், "எந்தக் கிண்ணம்மா?"

"எந்தக் கிண்ணமா! நீலக் கொடி போட்ட கிண்ணம்டி! கல்யாணத்துல..."

"ஓ... ஏதோ உடைஞ்சுதில்ல? சரிம்மா, அடுப்புல குழம்பு இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்."

இரண்டாவது, அன்று முதலில் கை தட்டிய பெரியப்பா. "கிண்ணமா? உங்க வீட்ல உடைஞ்சது டி.வி. இல்ல?" மூன்றாவது, ஒரு சித்தப்பா. அவர் மகன் எடுத்து, அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, தெரியாதா என்றான். நான்காவதாக ஒரு அண்ணி. "அட, அதையா இன்னும் பேசிக்கிட்டிருக்கீங்க? எங்களுக்கெல்லாம் அன்னிக்கு சாயங்காலமே மறந்துபோச்சே! நீங்க மூட்டையைப் பிரிச்சா உச்சுக் கொட்டுவோம், அவ்வளவுதான்!" என்று சிரித்தாள்.

மாமியார் ஃபோனைக் கீழே வைத்தாள்.

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முகத்தைத் தூக்காமல் உட்கார்ந்தது... எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று காலை முந்தானையில் ஒளித்துக்கொண்டது... ஒருவருக்கும் நினைவே இல்லையா? அன்று சாயங்காலமே மறந்துவிட்டார்களா?

"யாருக்குமே ஞாபகம் இல்லடி..." மாமியாரின் குரல் உடைந்தது. "நான்தான்... அவங்க மறந்துட்டாங்க. மூட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு நான்தான் உன்னைத் தினம் புதுசா... ஐயோ, என்ன பண்ணிட்டேன்! யார் முன்னாடி நான் இதைத் திருப்பி எடுப்பேன்... மன்னிச்சுடுன்னு கேக்கவும் வாய் வரலையே, அந்த வார்த்தையைத்தான் அவன் இந்த வீட்டுல நாற அடிச்சுட்டானே!"

எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். தோளில் முகம் புதைத்துக் குழந்தை போல் அழுதாள். மருமகளுக்கும் அடக்க முடியவில்லை. பதினாறு வருஷமும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கம் பேச்சாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு காட்சி!" என்று முனகி, குறிப்பு எழுதக் காகிதம் தேடினார்.

வெகு நேரம் கழித்து மருமகள் மாமியாரின் கையை மெல்ல விலக்கினாள். முந்தானையால் முதலில் அந்த முகத்தைத் துடைத்தாள். அப்புறம் தன் முகத்தை. நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியாரை அதில் உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

நோட்டை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்னும் முப்பத்தாறு பேர் இருக்காங்க, அத்தை," என்றாள். "சொல்லுங்க. நான் நம்பர் போடறேன்."